உத்தானத்தில் கிரியாட்டினின்

சென்னை சென்ட்ரலில் இரவு ஹவுரா மெயிலில் ஏறிப் படுத்தால், கண்விழிக்கும் நேரத்தில் கோதாவரி கடந்துபோயிருக்கும். விசாகப்பட்டினத்தில் இஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு வண்டி வடக்கே கிளம்பும். அதற்கப்புறம் இடப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். வலப்பக்கம் கடல் இருக்கிறது என்பது தெரியும், கண்ணில் படாது. சில மணி நேரத்தில் பலாசா. ஊருக்குள் நுழைந்ததும் முந்திரிக்கொட்டை பதப்படுத்தும் ஆலைகளின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். நாம் கல்யாண வீட்டுப் பாயசத்தில் தேடி எடுக்கும் வெள்ளை முந்திரி, இந்த ஊர்ப் பெண்களின் விரல்களைக் கடந்துதான் எங்கெங்கோ போகிறது.

பலாசாவிலிருந்து ஒடிசா எல்லை வரை, மந்தசா, வஜ்ரபுக்கொத்தூர், சோம்பேட்டா, கஞ்சிலி, கவிட்டி, இச்சாபுரம் என்று விரியும் கடலோரப் பகுதியைத்தான் உத்தானம் என்கிறார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் வடக்கு நுனி. தேசிய நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால், தஞ்சாவூர்க்காரருக்கோ பொள்ளாச்சிக்காரருக்கோ சொந்த ஊர் ஞாபகம் வராமல் போகாது. தென்னை, தென்னைக்கு நடுவில் பலா, பலாவுக்குக் கீழே நிழல், மணல் பாங்கான இடங்களில் முந்திரி. 2018 அக்டோபரில் தித்லி புயல் இந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. இப்போது நிற்பவற்றில் பல, அதற்குப்பின் வைத்த இளங்கன்றுகள். கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சியைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பசுமையான ஊரில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது. 2019, 2020 ஆண்டுகளில் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகளும் கிட்டத்தட்ட இந்த அளவைத்தான் சொல்கின்றன. உலகெங்கும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை முக்கியமாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். இங்கே பெரும்பாலோரிடம் அந்தக் காரணங்கள் கிடைக்கவில்லை. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும், எல் சல்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. எல்லாமே வெயிலில் உடலுழைப்புச் செய்யும் வேளாண் மக்களின் ஊர்கள்.

நான் வந்தது நோயைப் பார்க்க என்பதைவிட, நோயை அளக்கிறவர்களைப் பார்க்க என்பதுதான் சரி. லேப் டெக்னீஷியனாக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஒரு மருத்துவமனையில் நோயாளி டாக்டரைத் தெரிந்துகொள்வார், நர்ஸம்மாவைத் தெரிந்துகொள்வார், மருந்து கொடுப்பவரைக்கூட ஞாபகம் வைத்திருப்பார். தன் இரத்தத்தை அளந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. உத்தானத்தில் அந்த அளப்புதான் எல்லாவற்றுக்கும் முதல் படி என்று விசாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உயிர்வேதியியல் படித்தவர். வேலூரில் படித்த காலத்துத் தமிழ் இன்னும் அவர் நாவில் இருக்கிறது. எனக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் அவரே வந்தார்.

கவிட்டிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நண்பர் என்னை அறிமுகப்படுத்தியதும் பேச்சு எண்களில் ஆரம்பித்தது.

"எனக்கு ரெண்டு புள்ளி மூணு, சார். போன வருஷம் ஒண்ணு புள்ளி ஒம்பது."

"எங்க அண்ணனுக்கு எட்டு வரைக்கும் போச்சு. இப்ப சோம்பேட்டாவுல வாரத்துக்கு ரெண்டு தரம் டயாலிசிஸ்."

"நான் பார்க்கவே போகலைங்க. பார்த்தா என்ன வரும்னு பயம்."

இரத்தக் கிரியாட்டினின் அளவைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர்கள், ஒரு வேதிப்பொருளின் அளவைத் தசமப் புள்ளியோடு, வருடவாரியாக மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. ஓர் ஊரே ஆய்வக மொழியைப் பேசக் கற்றுக்கொள்ள என்ன விலை கொடுத்திருக்க வேண்டும்!

சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. அதுதான் இந்த நோயின் கொடுமை. தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவுகளில் ஒன்று கிரியாட்டினின். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உருவாகி, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு வெளியேறும். வடிகட்டும் திறன் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். ஆனால் சிறுநீரகம் தன் திறனில் பாதியை இழக்கும் வரைகூட இந்த எண் இயல்பு வரம்புக்குள்ளேயே இருந்துவிடலாம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி வந்து ஒருவர் டாக்டரிடம் போகும்போது பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். முகத்தைப் பார்த்தோ, நாடி பிடித்தோ, ஸ்டெதஸ்கோப் வைத்தோ இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க எந்தக் கெட்டிக்கார வைத்தியராலும் முடியாது. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று காட்டும் காகிதப் பட்டைகூட இங்கே பெரிதாக உதவுவதில்லை. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் அல்புமின் முதலிலேயே கசியத் தொடங்கும். உத்தானம் வகை நோய் பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குகிறது. அதனால் பட்டை நிறம் மாறாமலே இருக்க, உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். ஆகவே இரத்தம் எடுத்து அளந்தே ஆகவேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் முகாம். வயலுக்குப் போகுமுன் ஆட்களைப் பிடித்தால்தான் உண்டு என்பதால், ஆஷா பணியாளர்கள் இருட்டோடு வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்திருந்தார்கள். சீக்கிரமே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தவரின் கிரியாட்டினின், அவருடைய உண்மையான அளவைவிடக் கூடத் தெரியும்.

இரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியன் சின்னப் பெண். பக்கத்து மண்டலத்துக்காரர். அவருடைய கேள்விகளைக் கவனித்தேன்.

"நேத்து ராத்திரி கறிச் சாப்பாடா, அம்மா?"

"இல்ல தாயி, கருவாடு."

"உடம்பு வலின்னு மாத்திரை, ஊசி ஏதாச்சும்?"

"கடைல ஒரு மாத்திரை வாங்குவேன். முந்திரித் தோப்புல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடுது. அது போட்டாத்தான் மறுநாள் எழுந்திருக்க முடியும்."

அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைக் குறித்துக்கொண்டார். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுப்பவை. கறியைச் சமைக்கும்போது அதிலுள்ள கிரியாட்டின் கிரியாட்டினினாக மாறும். முந்தின வேளை நிறையச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் எண் ஏறும். இந்த இரண்டு கேள்விகளும் எந்த இயந்திரத்துக்கும் தெரியாதவை. ஆய்வகத் தவறுகளில் பெரும்பங்கு கருவிக்குள் நடப்பதில்லை, இரத்தம் கருவிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். என்றாலும் வரிசையில் ஆட்கள் நிற்க, வெயில் ஏற, இப்படி ஒவ்வொருவரையும் நின்று கேட்கிறவர்கள் குறைவு. அந்தப் பெண் கடைசி ஆள் வரை கேட்டார்.

மஞ்சள் மூடிக் குழாய்கள் உறைவதற்காக அரை மணி நேரம் நின்றன. பின் குளிர்பெட்டிக்குள் போய், ஜீப்பில் ஏறின. தோப்புச் சாலையில் குண்டும் குழியும். அந்தக் குலுங்கலில் சிவப்பணுக்கள் உடைந்தால் சீரம் இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் ஏராளம். உடைந்தால் அது சீரத்தில் கலந்து, நல்ல உடம்புக்காரருக்கும் ஆபத்தான அளவு இருப்பதாகக் காட்டும். அதனால் டிரைவரிடம் அந்தப் பெண் இரண்டு முறை சொன்னார்: "அண்ணா, மெதுவா. முட்டை ஏத்திட்டுப் போற மாதிரி போங்க."

ஆய்வகம் ஒரே அறை. ஒரு சென்ட்ரிஃப்யூஜ், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு செமி-ஆட்டோ அனலைசர், மேசைமேல் இரண்டு கரைசல் புட்டிகள். ஒன்றில் பிக்ரிக் அமிலம், மஞ்சள். மற்றதில் காரம், நிறமற்றது. இரண்டையும் சேர்த்து, பிரித்தெடுத்த சீரத்தைக் கலந்தால் ஆரஞ்சுச் சிவப்பு எழும்பும். எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதைக் கருவி ஒரு நிமிட அளவில் ஒளியால் அளந்து எண்ணாக்கும்.

இந்த நிறத்தை முதலில் கண்டவர் மாக்ஸ் யாஃபே. 1886, கோனிக்ஸ்பர்க் நகரம், அன்றைய பிரஷ்யா. அதை அளக்கும் முறையாக மாற்றியவர், ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓட்டோ ஃபோலின், 1904-இல். பிக்ரிக் அமிலம் அந்தக் காலத்தில் சாய ஆலைகளிலும் பீரங்கிக் குண்டுகளிலும் புழங்கிய பொருள். காய்ந்துபோனால் வெடிக்கக்கூடியது என்பதால் ஆய்வகங்களில் அதை ஈரமாகவே வைத்திருப்பார்கள். மனிதரைக் கொல்ல ஆலைகளில் டன் கணக்கில் காய்ச்சிய அதே பொருள், கோடிக்கணக்கானோரின் சிறுநீரகத்துக்கு 100 ஆண்டுகளுக்கும் மேலாகக் காவல் இருக்கிறது. மலிவு, எளிது, எந்த ஊரிலும் செய்யலாம். உத்தானத்துக்கு இந்த மலிவு பெரிய வரம்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் நண்பர் என்னை இந்த அறைக்குள் உட்காரவைத்தார். பிக்ரிக் அமிலம் கிரியாட்டினினோடு மட்டும் நிறம் கொடுப்பதில்லை. சீரத்திலுள்ள புரதம், சர்க்கரை, பட்டினி கிடந்தவர் உடலில் ஊறும் கீட்டோன்கள், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் சேர்க்கும். மஞ்சள் காமாலைக்காரரின் பிலிருபினோ நிறத்தைக் குறைக்கும். சரிசெய்யாமல் விட்டால், இயல்பு அளவுகளுக்கு அருகில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் வரை கூடுதலாகக் காட்டலாம்.

"0.2 தானே என்று தோன்றும்," என்றார் நண்பர். "கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தோம். கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதைக்கொண்டு சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்று மதிப்பிடும் சூத்திரத்தைத்தான் இப்போது உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சாவது அதுதான். 60-க்குக் கீழே போய் மூன்று மாதம் அங்கேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது கணக்கு. 2021-இல் திருத்திய சூத்திரத்தில் 60 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.0 என்று வைத்தால் வடிதிறன் சுமார் 64. அதே பெண்ணுக்கு 1.2 என்று வைத்தால் சுமார் 52. ஒரு கரைசல் புட்டியின் பிழை, அந்த அம்மாளை நலமானவர் பட்டியலிலிருந்து நோயாளி பட்டியலுக்குத் தள்ளிவிடும். தலைகீழாகவும் நடக்கும். உண்மையிலேயே நோயுள்ளவரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதே 1.2, 25 வயது இளைஞனுக்கு வந்தால் வடிதிறன் 86. அவன் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆக, வெறும் கிரியாட்டினினை மட்டும் அச்சடித்து, பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே இயல்பு வரம்பைப் போட்டுக் கொடுக்கும் ரிப்போர்ட் பாதி வேலைதான் செய்கிறது. வயதான, மெலிந்த பெண்களைத்தான் அது அதிகம் கைவிடுகிறது.

மெலிவு இன்னொரு சிக்கல். கிரியாட்டினின் தசையில் பிறப்பது. வயிற்றுக்குப் போதாத சாப்பாட்டில் உழைத்து ஒடுங்கிய உடம்பில் தசை குறைவு, ஆகவே கிரியாட்டினினும் குறைவு. சிறுநீரகம் கெட்டிருந்தும் எண் நல்லதாகத் தெரியும். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளந்தால் இந்த மறைப்பு விலகும். அதன் விலை பலமடங்கு அதிகம் என்பதால் இப்படிப்பட்ட அறைகளுக்கு அது வருவதில்லை. நொதிகளைக்கொண்டு கிரியாட்டினினை மட்டும் பிடிக்கும் முறையும் இருக்கிறது. யாஃபே முறையைவிடத் துல்லியமானது, செலவும் கூடியது. என்னைக் கேட்டால், எந்த ஊரில் நோய் நிறைய இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் துல்லியமான முறை முதலில் போகவேண்டும். நடப்பது வேறு. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் அது இருக்கிறது, இங்கே இல்லை.

கடைக்காரரின் எடைக்கல்லுக்கு அரசாங்கம் முத்திரை போடுவதுபோல, கிரியாட்டினினுக்கும் உலக அளவில் எடைக்கற்கள் உண்டு. ஐசோடோப்பு கலந்து நிறைமானியால் அளந்து அளவை உறுதிசெய்த சீரத்தை அமெரிக்கத் தர நிறுவனம் விற்கிறது. கரைசல் தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் அளவுகளை அதனோடு பொருத்திக்கொள்ள வேண்டும். ஆய்வகங்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேறு ஏற்பாடு. அதில் வேலூருக்குப் பெரிய இடம் இருக்கிறது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை பல பத்தாண்டுகளாக ஒரு திட்டம் நடத்திவருகிறது. உறையவைத்து உலர்த்திய சீரத்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்து நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் அதைக் கரைத்து, மாதாமாதம், நோயாளியின் சீரத்தைப் போலவே ஓட்டி, வந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லோருடைய எண்களோடும் ஒப்பிட்டு, நீ எவ்வளவு விலகி நிற்கிறாய் என்று வேலூர் சொல்லும். ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் இதில் இருக்கின்றன. நண்பர் மாணவராக இருந்தபோது அந்தக் குப்பிகள் கிளம்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

"காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே சீரம், சார். ஆனா ஆரம்பத்துல திரும்பி வந்த எண்களைப் பார்த்தா, ஒரே மனுஷன்னு யாரும் நம்ப மாட்டாங்க," என்றார்.

இது நம் ஊர்க்குறை மட்டும் இல்லை. 1947-இல் பெல்க், சண்டர்மேன் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பிப் பார்த்தார்கள். திரும்பிய எண்கள் கண்டபடி சிதறிக் கிடந்தன. அந்த அதிர்ச்சியில்தான் ஆய்வகத் தரக்கட்டுப்பாடு என்ற துறையே ஊன்றி வளர்ந்தது.

அந்தச் சின்ன அறையில், சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில், ஒவ்வொரு நாளும் நோயாளிகளுக்கு முன் ஓட்டிய தரச்சோதனைச் சீரத்தின் புள்ளிகள் பேனாவால் குறிக்கப்பட்டிருந்தன. நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக அவை போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரம் மட்டும் புள்ளிகள் வரிசையாக மேலேறியிருந்தன. அதன்கீழ் தெலுங்கில் ஒரு குறிப்பு: கரைசல் மாற்றப்பட்டது. அந்த வாரத்து நோயாளிகளின் மாதிரிகளைத் திரும்ப ஓட்டியதாக அந்தப் பெண் சொன்னார். நான் வேலை பார்த்த காலத்தில் கண்ட எந்தப் பெரிய ஆய்வகத்துக்கும் இந்தத் தாள் குறைந்ததில்லை.

சோம்பேட்டாவில் டயாலிசிஸ் நடக்கும் இடத்தை மதியம் பார்த்தோம். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும். தொடங்கும்முன் ஒரு மாதிரி, முடிந்ததும் ஒரு மாதிரி. யூரியா மூன்றில் இரண்டு பங்கு அளவுக்காவது குறைந்திருந்தால்தான் சுத்திகரிப்புப் போதுமானது. குறையவில்லை என்றால் நேரத்தைக் கூட்டவேண்டும், ஊசி போடும் இடத்தைப் பார்க்கவேண்டும். இங்கேயும் ஆய்வகம் சொல்லித்தான் அடுத்த வேலை.

பொட்டாசியம்தான் எல்லோருக்கும் பயம். 6.5-ஐத் தாண்டினால் இதயம் சட்டென்று நின்றுபோகக்கூடும். இளநீரிலும் பலாச்சுளையிலும் முந்திரியிலும் பொட்டாசியம் அதிகம். உத்தானத்தில் விளைவது இந்த மூன்றும்தான். படுக்கையில் இருந்த ஒருவருக்குச் சொந்தத் தோப்பு இருக்கிறது. கோடையில் தாகம் எடுத்தால் தன் மரத்து இளநீரை வெட்டிப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, தான் அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மிடறு குடிப்பாராம். "இருக்கட்டும், அவன் குடிக்கிறானே," என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பொட்டாசியம் குழாய் குலுங்காமல் வந்துசேர வேண்டியதன் அருமை அந்த நேரத்தில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. பொய்யான 6.8 வந்தால் வேண்டாத மருந்து. மெய்யான 6.8-ஐ, சிவப்பணு உடைந்ததால் வந்தது என்று ஒதுக்கினால் உயிர் போகும்.

அரசு இங்கே ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் போட்டு ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகளோடு சிறுநீரக மருத்துவமனையும் ஆய்வு மையமும் திறந்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. டயாலிசிஸ் ஆரம்பிக்காதவர்களுக்கும் ஓய்வூதிய வகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சீரம் கிரியாட்டினின் 5 மில்லிகிராமுக்கு மேல். இன்னொன்று வடிதிறன் 15-க்குக் கீழ். ஆய்வகத்து எண் இங்கே குடும்பத்தின் அடுப்பு வரை வந்துவிட்டது. 4.8 வந்தவருக்கும் 5.1 வந்தவருக்கும் உடம்பில் வேறுபாடு சொல்லும்படி இருக்காது. ஒரே மனிதருக்கே இன்றைக்கும் அடுத்த வாரத்துக்கும் அந்த அளவு மாறும். பணம் கிடைக்காதவர் ஆய்வகத்தோடு சண்டைக்கு வருவதை யார் குறை சொல்ல முடியும்?

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுதான். 5-க்குப் போனவருக்கு உதவி உண்டு, அது அவசியம். ஆனால் 1.4-இல் நிற்பவரைக் காப்பாற்றத்தான் இன்னும் வழி இருக்கிறது. வலி மாத்திரையை நிறுத்தலாம், இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைக்கலாம், வெயில் உச்சியில் வேலையைத் தவிர்த்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வரலாம். டயாலிசிஸைப் பத்து வருடம் தள்ளிப்போட்டாலும் அது ஒரு பிள்ளையின் படிப்பு முடியும் காலம். அந்தத் திரும்பத் திரும்ப அளக்கும் வேலைக்குத்தான் ஆள், கரைசல், வண்டி எல்லாமே குறைவாக இருக்கிறது.

காரணம் இன்னும் பிடிபடவில்லை. நிலத்தடி நீரில் உள்ள சிலிக்கா என்றார்கள், கன உலோகம் என்றார்கள், பூச்சிக்கொல்லி, வெப்பமும் நீரிழப்பும், வலி மாத்திரை, பரம்பரை என்று பட்டியல் நீள்கிறது. 2017-இல் ஹார்வர்டைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஜோசப் போன்வென்ட்ரே இந்த நோய்க்காக ஆந்திரா வந்தார். நுண்குழாய் செல்கள் காயப்பட்டதும் சிறுநீரில் தலைகாட்டும் கிம்-1 என்ற புரதத்தை 1998-இல் விவரித்த ஆய்வகம் அவருடையது. கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகுமுன்பே காயத்தைக் காட்டும் இப்படிப்பட்ட அடையாளங்கள் மலிவாகக் கிராமத்துக்கு வந்தால், யாருக்கு எந்தப் பருவத்தில், எந்த வேலையில், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் காயம் தொடங்குகிறது என்று தேடிப் பிடிக்க முடியும். காரணத்தைக் கண்டுபிடிக்கப்போவதும் ஓர் ஆய்வகம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாம் ஒதுங்கி நின்று பார்க்கும் விஷயமும் இல்லை இது. 2023-இல் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், முதல் சோதனையில் வடிதிறன் குறைவாக வந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பலருக்கு அது வெயில் தந்த தற்காலிகத் தளர்ச்சி. ஆனால் மறுசோதனையிலும் நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

கிளம்பும் அன்று மாலை ஆய்வகத்துக்கு மறுபடி போனோம். அந்தப் பெண் மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கவேண்டியவர்களின் பெயர்களை ஒரு நீளநோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சில பெயர்களுக்கு எதிரே ஹைதராபாத் என்றும், சிலவற்றுக்கு எதிரே சென்னை என்றும் இருந்தது. ஸ்ரீகாகுளம் மாவட்டத்தார் கட்டட வேலைக்குச் சென்னை வருவது புதிதில்லை. 2014-இல் மௌலிவாக்கத்தில் அடுக்குமாடி இடிந்தபோது இறந்தவர்களில் இந்தப் பக்கத்து மக்கள் பலர்.

"இவங்க எல்லாம் பொங்கலுக்குத்தான் திரும்புவாங்க, சார். அதுவரைக்கும் விட முடியாது. உங்க ஊர்ல எங்க போய்ப் பார்க்கச் சொல்றது? காசு எவ்வளவு ஆகும்?"

"அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா காசு வேண்டாம்மா. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்லயே இருக்கு. மொழி தெரியலைன்னா சீட்டைக் காட்டினாப் போதும்."

சீட்டில் என்ன எழுதலாம் என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். பெயர், வயது, ஊர். இங்கே எடுத்த தேதி, அன்றைய கிரியாட்டினின், வடிதிறன். எந்த முறையில் அளந்தது என்பது கட்டாயம், ஏனென்றால் சென்னையில் நொதி முறையில் அளந்தால் 0.2 வரை இறங்கித் தெரியலாம், குணமாகிவிட்டது என்று நினைத்து ஆள் வராமல் நின்றுவிடுவார். காலையில் வேலைக்குப் போகுமுன் இரத்தம் கொடுக்கவேண்டும். முந்தின இரவு கறி வேண்டாம். வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். தெலுங்கில் அவர் எழுத, அதற்குக் கீழே தமிழில் நான் எழுதினேன். சென்னை என்று போட்டிருந்த பெயர்களுக்கெல்லாம் எழுதி முடிப்பதற்குள் பலாசாவில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மிச்சம் இருந்த சீட்டுகளைத் தமிழில் நண்பரே எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.